அண்ணனின் தாடி

"எங்களுக்கு எல்லாம் திருப்திதான். ஆனா நிச்சயதார்த்தத்தன்னிக்கு உங்க பையன் முன்னால வர வேண்டாம்," என்றாள் மாப்பிள்ளையின் தாய்.

பெண்ணின் தாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவன்தாங்க இவளுக்கு அப்பா இடத்துல இருந்து எல்லாம் பாத்தவன்..."

"தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. டிவியில குண்டு வைக்கிறவர் மோதிரம் மாத்துறப்ப பக்கத்துல நின்னா, எங்க சொந்தக்காரங்க என்ன பேசுவாங்க? அந்தத் தாடியையாவது எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

அடுத்த அறையில் அண்ணன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். நெடுந்தொடரில் அவனுக்குத் தீவிரவாதி வேடம். வீட்டிலோ, கரப்பான்பூச்சியைக் கண்டால் தங்கையைக் கூப்பிடுகிற ஆள்.

மறுநாளே இயக்குநரிடம் போனான். "சார், தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம். தாடியை எடுத்துக்கட்டுமா?"

"விளையாடுறியா? பாதி சீன்ல தாடி, மீதியில மொழுமொழுன்னு மூஞ்சியா? கன்டினியுட்டி என்ன ஆகுறது?"

"ஒட்டுத்தாடி வச்சுக்கிறேன் சார்."

"க்ளோசப்ல பல்லிளிச்சிடும்."

அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "இது நிஜமா நடந்த கேஸ்தானே சார்? அதுல பிடிபட்டவனுக்குத் தாடியே கிடையாது. பேப்பர்ல போட்டோ பாத்தேன்."

இயக்குநர் சிரித்தார். "நானும் பாத்தேன்யா. பேங்க்ல வேலை பாக்குற பையன் மாதிரி இருக்கான். அப்படிக் காட்டினா ஜனங்க யாரைப் பாத்துப் பயப்படுவாங்க?"

நியாயமான கேள்வி! இந்தக் கேள்விக்கு விடையாகத்தான் ஊரில் தாடி வைத்தவர்கள் பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகவே பயணம் செய்கிறார்கள்.

"நீ இல்லாம எனக்கு நிச்சயமே வேண்டாம்," என்று தங்கை அழுதாள்.

"பைத்தியம். நல்ல இடம், கை நழுவிடும்," என்று அவன்தான் சமாதானப்படுத்தினான்.

நிச்சயதார்த்தத்தன்று காலை தாய் அவனைப் பின்னறையில் உட்கார வைத்தாள். "மன்னிச்சுக்கடா ராசா. சின்னப் பசங்க யாராவது திறந்துடுவாங்க," என்று வெளியே தாழ்ப்பாள் போட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் போட்டாள். உள்ளே சுருட்டி வைத்த மெத்தைகள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அவனுக்கு மூச்சு முட்டியது. தும்மல் வந்தபோது துண்டை வாயில் அடைத்துக்கொண்டான். சொந்த வீட்டில் திருடனைப் போல உட்கார்ந்திருப்பது கொடுமை.

கூடத்தில் மோதிரத்தை எடுக்கும் நேரம். மாப்பிள்ளையின் தாய் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஐயையோ, மறு ஒளிபரப்பு போட்டிருப்பானே! நேத்து பாக்க முடியல. கொஞ்சம் டிவியைப் போடுங்களேன். அவன் மாட்டிக்கிறானான்னு மட்டும் பாத்துடலாம்."

போட்டார்கள். சொந்தக்காரர்கள் நாற்காலிகளைத் திருப்பிக்கொண்டார்கள். திரை முழுக்க அண்ணன்.

"எப்படி முழிக்கிறான் பாரு! மூஞ்சியைப் பாத்தாலே தெரியுதே," என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா. சம்பந்தியம்மாள் வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். மாப்பிள்ளையும்தான். பின்னறையில் இருந்தவன் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருந்தான்.

தங்கை எழுந்தாள். தாழ்ப்பாளை நீக்கிப் பின்னறைக்குள் போனாள்.

"என்னடி பண்றே? போ, போய் உக்காரு!" என்று அண்ணன் பதறினான்.

"நீ கொஞ்சம் தள்ளி உக்காருண்ணா," என்றவள், கதவைச் சாத்தி உள்ளே தாழிட்டாள்.

விளம்பரம் வந்த பிறகுதான், பெண்ணைக் காணோம் என்பதே கூடத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது.