மாதிரிப் பக்கம்

"இன்னா மாப்ள, இந்த வாட்டி எத்தினி மணிக்கு எடுக்கறீங்க?"

பகலவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மொட்டைமாடியின் ஓரத்துக்குப் போனான். கீழே தெருவில் பறையைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, நெசமாத்தான் சொல்றன். காலையில கரும்புக்குத் தண்ணி கட்டப் போனாரு. வரப்புலயே சாஞ்சிட்டாரு."

"போன வாட்டியும் நெசமாத்தான் இருந்துச்சி. மாலையெல்லாம் போட்டு வச்சிருந்த."

"மாமா, சத்தியமா."

தமிழழகன் வைத்துவிட்டார். மறுபடி அழைத்தால் போன் அணைக்கப்பட்டிருந்தது.

அவர் அம்மாவின் ஒரே அண்ணன். மலைமேல் வெள்ளிமலையில் உரக்கடை வைத்திருக்கிறார். தாலி இழந்தவளுக்கு உடன்பிறந்தவன் கோடிப் புடவை கொண்டுவந்து தோளில் போடவேண்டும். அது விழாமல் பாடையைத் தூக்கமாட்டார்கள். கச்சிராயபாளையத்தில் அந்தத் தெருவே அதற்காகத்தான் காத்திருந்தது. ஐஸ் பெட்டிக்குள் அப்பா அய்யனார் படுத்திருந்தார். பக்கத்தில் அம்மா பெரியம்மாள் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பகலவன் படியிறங்கி வந்தபோது அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

சித்தப்பா மகன் அஜித்குமாரை பைக்கில் மலைக்கு அனுப்பினான்.

"கூடவே கூட்டியாந்துடு. ஒத்துக்கலன்னா காலப் புடி."

"உங்க கம்ப்யூட்டர் வேலைக்கு நான் காலப் புடிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே அவன் வண்டியை உதைத்தான்.

பகலவன் கள்ளக்குறிச்சிக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பவன். நகைக்கடை, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம். எல்லோருக்கும் பெயர் பெரிதாக வேண்டும், நிறம் இன்னும் சிவப்பாக வேண்டும். யாரும் கேட்காமல் அவனாகச் செய்தது ஒன்றுதான். ஊரில் யார் இறந்தாலும் படமும் எடுக்கும் நேரமும் போட்டு எல்லோருக்கும் அனுப்புகிற ஓர் இரங்கல் பக்கம். செய்து காட்ட ஒரு மாதிரி தேவைப்பட்டது. அப்பாவிடம் கேட்டான்.

"என் மூஞ்சியப் போடு. செத்த ஆளுங்கள்லயே நான்தான் ஜம்முனு இருப்பன்" என்றார் அய்யனார். வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

அதைச் சொந்தக்காரர்களின் குரூப்பில் போட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தான். பக்கத்தின் அடியில் சின்னதாக 'மாதிரி' என்றும் எழுதியிருந்தான். மாலை போட்ட முகத்தைப் பார்த்தவர்கள் அதற்குக் கீழே படிக்கவில்லை.

அதை நம்பி தமிழழகன் பஸ்ஸில் மலையிறங்கி, கோடிப் புடவையும் மாலையுமாக வந்து வாசலில் நின்றார். அய்யனார் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வா மச்சான். யாருக்கு மாலை?"

சாவுக்கு எடுத்த கோடியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. தமிழழகன் பையை வாசற்படியில் போட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அதன்பிறகு இந்த வீட்டுப் படி ஏறவில்லை. பையை அணையில் எறிந்துவிட்டு வரச்சொல்லி பெரியம்மாள் அழுதாள். அய்யனார்தான் எடுத்துப் பரணில் வைத்தார்.

"கெடக்கட்டும். என்னைக்கினா ஆவும்."

அன்றிலிருந்து அம்மா பகலவனிடம் அளந்துதான் பேசினாள். அந்தப் பக்கத்தை வேறு யாரும் பயன்படுத்தவுமில்லை.

இன்று காலை அவன் அதைத் திறந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. பெயர், படம், ஊர், மனைவி, மகன். தேதியை மாற்றினான். 'மாதிரி' என்பதை அழித்தான். குரூப்பில் போட்டதும் இரண்டு பேர் சிரிப்பு பொம்மை அனுப்பினார்கள்.

மண்டபத்துக்காரர் அழைத்தார். 

"தம்பி, அந்த மணவறை படம் ஓடமாட்டேங்குதே. நாளைக்கி முகூர்த்தப் பார்ட்டிங்க வந்து பாப்பாங்க."

"பாக்கறங்க."

"இன்னா மேளம் கேக்குது? விசேஷமா?"

"பக்கத்துலங்க" என்றான்.

வெயில் தெருவின் மறுபக்கம் போனது. பெரியவர்கள் மணி பார்க்கத் தொடங்கினார்கள். பைக் சத்தம் கேட்டபோது பெரியம்மாள் பாதி எழுந்து நின்றாள். வண்டியில் அஜித்குமார் மட்டும் இருந்தான்.

பகலவனைத் தனியாக அழைத்தான். பெரியம்மாள், "இங்கயே சொல்லு" என்றாள்.

அஜித்குமார் தரையைப் பார்த்தான்.

"நம்பிட்டாரு பெரிம்மா. நான் சொன்னதும் மூட்ட மேல உக்காந்துட்டாரு. ஆனா வரமாட்டன்னுட்டாரு."

"இன்னான்னான்?"

"ஒரு தங்கச்சிக்கி ரெண்டு கோடி எடுக்கமாட்டாராம். அன்னிக்கி மலையெறங்கற வரைக்கும் பஸ்ஸுல அழுதுக்கினே வந்தாராம். மச்சானுக்கு அழவேண்டியத அன்னிக்கே அழுது முடிச்சிட்டன், போடான்னாரு."

பறை நின்றிருந்தது. ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார்.

பெரியம்மாள் மறுபடி உட்கார்ந்தாள். 

"பரண்ல இருக்குது. எடுத்தா" என்றாள் மகனிடம்.

"அம்மா..."

"எடுத்தா."

அவன் ஸ்டூல் போட்டு ஏறினான். பழைய மானிட்டர் பெட்டிக்குப் பின்னால் பை இருந்தது. தூசி படாமல் அதைச் சுற்றி ஒரு வேட்டித் துண்டு கட்டியிருந்தது. அப்பாவின் முடிச்சு. அவிழ்க்க நேரம் பிடித்தது.

கொண்டுவந்து கொடுத்தான்.

"தாய்வூட்டு ஆளு கையால வுழணுமே" என்றார் பெரியவர்.

"அவன் கையாலதான் வுழுந்துச்சி. வாசப்படியில" என்றாள் பெரியம்மாள். "ஆவற வேலையப் பாருங்க."

புடவையைத் தானே பிரித்துத் தோளில் இழுத்துக்கொண்டாள். மடிப்புகளுக்குள்ளிருந்து ஒரு பாச்சா உருண்டை விழுந்தது. பூச்சி அரிக்காமலிருக்க யாரோ வைத்தது. பகலவன் வைக்கவில்லை. அம்மா அந்தப் பையைத் தொட்டதே இல்லை.

உருண்டை தரையில் ஓடி, ஐஸ் பெட்டியின் காலில் முட்டி நின்றது.