இடாப்பில் இருந்தவள்

அந்தத் தவணையில் இராக்கம்மா பத்தொன்பது நாள் ஆசிரியர் கலாசாலைக்குப் போகவில்லை. ஒரு நாள்கூடத் தவறவில்லை என்றது வரவு இடாப்பு.

அதை அவள் பக்கம் திருப்பிக் காட்டியவர் அதிபர், யாழ்ப்பாணத்து மனிதர். "உமக்கு என்ன குறை பிள்ளை? ஒரு நாளும் பிந்தேல்லை. ஒப்படையும் வந்திட்டுது. பிறகேன் இந்த டொக்டர்ட கடிதம்?"

இராக்கம்மாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அவளுக்கு எப்போதும் அப்படித்தான், பயம் பின்னால் நொண்டிக்கொண்டு வரும்.

அவளுக்கு வலிப்பு நோய். வலிப்புக்காரியோடு எங்கள் பிள்ளைகள் ஒரே அறையில் படுக்க மாட்டார்கள் என்று சில பெற்றோர் மனுக் கொடுத்ததில் விடுதி இல்லையென்று ஆகிவிட்டது. தெமோதரைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து இரண்டு மைல் நடந்து, காலை ரயில் பிடித்துப் பதுளைக்கு வந்து போனாள். வலிப்பு வந்தால் அன்றும் மறுநாளும் உடம்பு நனைந்த சாக்கு. எண்பது வீதம் வரவில்லாதவள் இறுதிப் பரீட்சை எழுத முடியாது என்பது சட்டம். நோவு நாட்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம், ஒப்படைக்கு மாதக் கடைசி வரை நேரம் கொடுங்கள் என்று கேட்கத்தான் கடிதத்தோடு வந்திருந்தாள்.

எழுதிக் கொடுக்கவேண்டிய அந்த ஒப்படைக் கட்டுரையை வாங்கிப் பார்த்தாள். கையெழுத்து அவளுடையது. அவள் படித்த புத்தகங்கள், அவள் சொல்லியிருக்கக்கூடிய கருத்துகள். ஆனால் அவள் சாப்பிடும் மாத்திரை கையை ஆட்டும், நாலு வரிக்கு ஒரு வெட்டாவது விழும். இதில் பன்னிரண்டு பக்கத்துக்கும் ஒரு வெட்டில்லை.

"இப்பிடியே இரும்," என்றார் அதிபர் மகிழ்ச்சியாக.

ஸவாஹிராவைக் குழாயடியில் மடக்கினாள். பதுளைக் கடைக்காரர் மகள், கலாசாலையில் இவளுக்கு இருந்த ஒரே தோழி.

"என் கையெழுத்த நீதானே போட்ட?"

"மொத ரெண்டு நாளும் நான்தான் புள்ள. பாவம்னு போட்டேன். அல்லாஹ் மேல சத்தியமா அதுக்குப் பொறகு நான் பேனயத் தொடல்ல." ஸவாஹிரா இவளை உற்றுப் பார்த்தாள். "நீதானே வந்த? கடைசி வாங்குப் பலகையில ஒக்காந்திருந்த. கூப்பிட்டா திரும்பல்ல. கோவம்னு நெனச்சிட்டேன்."

"நான் லயத்துல பாயில கெடந்தேன்டி!"

"வெளையாடாத." கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டாள். "நீ வார நாள்ல ஒன் மேல மருந்து மணக்கும். அந்த நாள்கள்ல ஒரு மணமும் இல்ல. குளிச்சு முழுகி வாராய்ன்னு நெனச்சேன். சேர்மாருக்குக்கூட அந்த நாள்கள்லதான் ஒன்னப் பிடிக்குது."

வீட்டில் சொன்னபோது அம்மா கருப்பம்மா கொழுந்துக் கூடையின் கயிற்றை முடிந்துகொண்டே கேட்டாள். "யாரு சொன்னா என்னாடி? இடாப்புல பேரு விழுதுல்ல? நம்ம லயத்துச் சடையன் செத்த பொறகும் ரெண்டு வருசம் பெரட்டுல பேரு விழுந்துச்சு. காலையில ஆள நிப்பாட்டி கணக்கப்புள்ள பேரு கூப்புடுவாரு. பனிக்குள்ளருந்து 'வந்தேங்க'ன்னு ஒரு சத்தம் வரும். எவ திரும்பிப் பாத்தா? வாயப் பொத்திக்கிட்டு டீச்சராவு."

"ஆவப்போறது நானா அவளான்னு தெரியலயேம்மா."

"பெருசா பேசாத. லயத்துல எவ டீச்சரானா இதுவரைக்கும்?"

அந்த வாரம் முழுக்க இராக்கம்மா வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தாள். ஆசை யாரை விட்டது? அடுத்த வியாழக்கிழமை பாதையில் மண் சரிந்து ரயில் பிந்தியது. ஓடி வந்து வகுப்பு வாசலில் நின்று, "வந்தேன் சேர்," என்றாள் மூச்சு வாங்க. விரிவுரையாளர் இடாப்பிலிருந்து தலை தூக்கவில்லை.

"ஒரு தடவ சொன்னா போதும், இராக்கம்மா."

யாரும் சிரிக்கவில்லை. பின் வாங்கு காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தாள். பலகை சூடாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி.

பகல், பரீட்சை அனுமதி அட்டை வாங்கக் கந்தோருக்குப் போனாள். எழுதுவினைஞர் மொஹிதீன் நிமிர்ந்து பார்த்தார். "காலையிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துட்டீங்களே தங்கச்சி."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பரீட்சையும் எழுதப்பட்டுவிடும். சான்றிதழும் வாங்கப்பட்டுவிடும். எங்கோ ஒரு பாடசாலையில் இராக்கம்மா டீச்சர் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போவாள். லயத்துப் பாயில் கிடப்பவளுக்கு அப்போது பெயர் என்ன?

நேரே அதிபர் அறைக்குப் போனாள்.

"சேர், இடாப்ப எடுங்க. பத்தொன்பது நாளும் நான் வரல. வெட்டுங்க."

"உமக்கு விசரே? வெட்டினா அறுபத்தெட்டு வீதம். சோதினை இல்லை."

"அப்ப சட்டத்துல எனக்கு ஒரு எடம் வையுங்க. தோட்டத்துல பாதி நாள் நின்னவளுக்குக் கூட அரைநாள் கூலிக்கு அரைப்பேர் போடுவாங்க. நீங்க நோவே இல்லாத ஒருத்திக்கு முழுப்பேர் போட்டு, அதுக்கு என் பேர வச்சிருக்கீங்க."

அதிபர் இடாப்பைத் தன் பக்கம் இழுத்தார். அவர் பார்வை அவள் தோளைத் தாண்டிக் கதவுக்குப் போயிற்று. நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"உள்ளுக்கு வாரும்... இராக்கம்மா," என்றார் மெதுவாக.

இவள் திரும்பவில்லை. திரும்பினால் விழுந்துவிடுவோம் என்று தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் அவளுடைய குரலே, நன்றாகத் தூங்கி எழுந்த குரலாக, சொன்னது:

"வந்தேன் சேர்."

"ஒப்படை முடியாட்டி நீ என்ன செய்வேன்னு அவகிட்ட கேளுங்க சேர்," என்றாள் இராக்கம்மா திரும்பாமலே.

அதிபர் கேட்டார். கேட்டது அவருக்கே கேட்டிருக்காது.

"வந்தேன் சேர்."

"எங்க நோவுதுன்னு கேளுங்க."

"வந்தேன் சேர்."

"அதுக்கு அது ஒன்னுதான் தெரியும்," என்றாள் இராக்கம்மா. "நீங்க எங்ககிட்ட கேக்குறதும் அது ஒன்னத்தானே? நான் வரல சேர். எழுதுங்க."

அதிபர் உட்கார்ந்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். முதல் நாளின் கையெழுத்தை வெட்டி, பக்கத்தில் 'சுகவீனம், அனுமதிக்கப்பட்டது' என்று எழுதினார். பிறகு அடுத்த நாள். நாலாவதை எழுதும்போது பின்னால் சேலை உரசியது. பத்தாவதில் யாரோ அவள் பிடரியில் மூச்சு விட்டார்கள், குளிர்ந்த மூச்சு. இராக்கம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அடுத்த திகதியைச் சொன்னாள். பதினாறு. பதினேழு. அதிபரின் கண் கதவுப் பக்கம் போய்ப் போய் வந்தது. பத்தொன்பதாவதை எழுதி முடித்தபோது அவர் கதவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே யார் இருந்தார்கள், இருந்தார்களா என்று அவள் கேட்கவில்லை.

நாக்கின் அடியில் பித்தளை ருசி ஊறியது. வலிப்பு வருமுன் வரும் ருசி. நின்று விழுந்தால் மண்டை உடையும் என்பதால் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஒப்படைக்கு மாசக் கடைசி," என்றாள்.

"மாசக் கடைசி," என்று எழுதினார்.

"நாளைக்கு வெள்ளிக்கெழம. அதையும் இப்பவே எழுதிருங்க சேர். நான் வரமாட்டேன்."

அதிபர் கதவைப் பார்த்தபடியே வெள்ளிக்கிழமையின் திகதியைப் போட்டு, 'சுகவீனம்' என்று எழுதினார்.