இரட்டை வெள்ளைக் கோடு

எங்கள் கடையின் பழைய பிரிண்டர் எதை அடித்தாலும் எழுத்தின் குறுக்கே இரண்டு வெள்ளைக் கோடுகள் விட்டது. ஒன்று தடிமன், அதை ஒட்டி இன்னொன்று இழை மாதிரி. மை கக்கும் ஹெட்டைக் கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தேன், பஞ்சால் ஒற்றினேன். கிளீனிங் போட்டுப் போட்டு மை தீர்ந்ததுதான் மிச்சம்.

"இவ்ளோ மை எங்கடா போகுது?" என்று தம்பியைக் கேட்டேன். கடையை நாங்கள் இருவரும்தான் நடத்துகிறோம்.

"கிளீனிங்தான்கா குடிக்குது. இதோட மாரடிக்காத, தூக்கிக் கடாசு," என்றான். என் கஷ்டம் பொறுக்காமல் சொல்கிறான் என்று உருகிப்போனேன்.

நேற்று மை வாங்கப் போகும்போது, பக்கத்துத் தெருவில் புதிதாகப் பெயின்ட் அடித்த ஒரு கடையைப் பார்த்தேன். ஷட்டர் முழுக்க நோட்டீஸ். 'விரைவில் திறப்பு! கோடு விழாத, பளிச்சென்ற பிரிண்ட் எங்களிடம் மட்டுமே!' அந்த வரியின் குறுக்கே இரண்டு வெள்ளைக் கோடுகள். ஒன்று தடிமன், ஒட்டினாற்போல் இன்னொன்று இழை.

எவனோ நம் கடைக்குள் புகுந்து திருட்டுத்தனமாக அடித்திருக்கிறான், தம்பியிடம் சொல்ல வேண்டும் என்றுதான் என் மட்டிப் புத்திக்கு முதலில் தோன்றியது. நிமிர்ந்தால், ஸ்டூல் மேல் நின்று அடுத்த நோட்டீஸை ஒட்டிக்கொண்டிருந்தவனே என் தம்பிதான்.

"அக்கா... நானே சொல்லணும்னுதான் இருந்தேன்."

அறைய வேண்டும் என்று கை பரபரத்தது. வாயில் வந்தது வேறு.

"அந்தப் பசையாவது உன்னோடதாடா?"

அவன் பசை டப்பாவை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.