ஆறப் பொறுத்தவள்

காலையில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, விலைக்கு வந்த அந்தச் சிவப்பு லாரி குளித்து முடித்துப் பளபளவென்று நின்றுகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு அதைச் சுற்றி வந்தார். கல்யாணத்தன்றுகூட மனிதர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

நான் சுற்றவில்லை. நேரே போய் பானெட்டின் மேல் கையை வைத்தேன். சுட்டது.

"அண்ணே, நாங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு நேத்து போன்லயே சொன்னேனே?"

"சத்தியமா தங்கச்சி, கழுவறதுக்காக அந்தப் பக்கத்துலேருந்து இந்தப் பக்கம் எடுத்தேன். அவ்ளோதான். சத்தியமா!"

பழைய லாரி விற்கிற அந்த மனிதருக்கு அந்த நிமிஷமே சத்தியம் என்று பேர் வைத்துவிட்டேன். நாலு அடி நகர்த்தினால் எஞ்சின் இப்படிக் கொதிக்காது. டீசல் எஞ்சினுக்கு உள்ளே என்ன வியாதி இருந்தாலும், குளிர்ந்து கிடக்கும்போது கிளப்பினால்தான் வெளியே தெரியும். சூடு ஏறிவிட்டால் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். அதற்காகத்தான் முந்தின நாளே படித்துப் படித்துச் சொன்னேன்.

"சரிண்ணே, ஆறட்டும். ஆறினப்புறம் கிளப்பிப் பாக்கறோம்."

"ஆறவா? சாயங்காலம் ஆயிடும் தங்கச்சி!"

"ஆகட்டும்."

அவர் என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க அவசர சரக்கு ஓட்டறவங்கதானே? என்ன இவ்ளோ நிதானமா பேசறீங்க?"

"அவசரம் சரக்குக்குத்தாண்ணே. எங்களுக்கில்ல."

எங்கள் தொழிலைப் பற்றி வெளியே எல்லோரும் இதே தப்பைத்தான் செய்கிறார்கள். எங்கோ ஒரு தொழிற்சாலையில் ஒரே ஒரு பாகம் உடைந்து மொத்த வேலையும் நின்றுபோகும். எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு மெஷின் படுத்துவிடும். அந்த ஒற்றைப் பெட்டியை ஏற்றிக்கொண்டு ராப்பகலாக ஓட வேண்டும். நான் ஓட்டும்போது இவர் கேபினுக்குப் பின்னால் இருக்கும் படுக்கையில் தூங்குவார், இவர் ஓட்டும்போது நான். ஆனால் அந்தப் பெட்டி கிடைக்கும்வரை? ஏதாவது ஒரு லாரி நிறுத்தத்தில், போனைப் பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு காத்துக் கிடக்க வேண்டும். ஓட்டத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். காத்திருக்கத் தெரியாமல் ஓடிப்போனவர்கள்தான் இந்தத் தொழிலில் அதிகம்.

எங்களுக்குக் காத்திருப்பது கசந்ததில்லை. கேட்டுவிட்டுச் சொல்வதுதான் கசந்தது. சரக்கு பிடித்துத் தரும் ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, "அக்கா, ஒரு லோடு இருக்கு, எடுக்கறீங்களா? அஞ்சு நிமிஷத்துல சொல்லணும்" என்பாள். வண்டி எங்களுடையது இல்லையே. "ஓனர்கிட்ட கேட்டுட்டு சொல்றேம்மா" என்பேன். அப்புறம் எங்கள் முதலாளிக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். தூங்குவார், சாப்பிடுவார், யாரோடாவது கதை பேசிக்கொண்டிருப்பார். அவருக்கு நாங்கள் வைத்த பேர் நாட் ரீச்சபிள். அஞ்சு நிமிஷம் தாண்டியதும் லோடு வேறு யாருக்கோ போய்விடும். கடைசியில் போனை எடுத்து, "ஏன், நீங்களே முடிவு பண்ணிருக்கலாமே?" என்பார். முடிவு பண்ணிய அன்று, "என்னைக் கேக்காம எப்படி எடுத்தீங்க?" என்று கத்தினார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

போன வாரம் சாவியை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டோம். "சொந்தமா வண்டி வாங்கிப் பாருங்க. திரும்பி இங்கதான் வருவீங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு என் காதிலேயே இருந்தது. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்தது ஒரு வண்டிக்குத்தான் வரும். அது சொத்தையாகப் போனால் திரும்பவும் அந்தப் போன், அந்த மணி, அந்தச் சிரிப்பு. அதனால்தான் சொல்கிறேன், சாயங்காலம் என்ன, மறுநாள் காலைவரை உட்காரச் சொன்னாலும் உட்கார்ந்திருப்பேன்.

வெயில் ஏறியது. நிழல் இருந்த ஒரே இடம், மதில் ஓரம் நின்றிருந்த ஒரு கத்தரிப்பூ நிற லாரியின் பக்கம்தான். அதன் கேபின் படியில் உட்கார்ந்தேன். அதன் பக்கவாட்டில் ஓர் ஆள் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து குறட்டை விடுகிற மாதிரி ஆளுயரப் படம். ஏதோ மெத்தைக் கம்பெனி வண்டியாம். பேரைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். தூங்குகிறவனை மட்டும் எழுப்ப மனம் வரவில்லை போலிருக்கிறது.

இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "வண்டி சூப்பரா இருக்கு. சும்மா சந்தேகப்பட்டுட்டே இருந்தா எப்படி? வேற யாராவது வந்து தூக்கிட்டுப் போயிடுவான்."

"ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கலையா? இத்தனை வருஷம் பொறுத்தீங்க, இன்னும் கொஞ்ச நேரம்."

"ஆறினாலும் அதே வண்டிதானே?"

"அதே வண்டியான்னு பாக்கத்தான் உக்காந்திருக்கேன்."

முணுமுணுத்துக்கொண்டே கத்தரிப்பூ லாரியின் கதவைத் திறந்து உள்ளே ஏறினார். "படுக்கை எவ்ளோ அகலம்னு பாக்கறேன்" என்றார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்தும் குறட்டை கேட்டது. வெளியே படத்தில் ஒருவன், உள்ளே நிஜத்தில் ஒருவர்.

சத்தியம் ஒரு காபியோடு வந்தார். கூடவே, "உங்களுக்காகக் கொஞ்சம் குறைச்சுக்கறேன் தங்கச்சி" என்றார். நான் காபியை மட்டும் வாங்கிக்கொண்டேன். இன்னொரு காபி வந்தபோது இன்னும் கொஞ்சம் குறைந்தது. எஞ்சினோடு சேர்ந்து விலையும் ஆறிக்கொண்டே வந்தது. கேட்காமலே இறங்குகிற விலையைப் பார்த்தால் எனக்குப் பயம் வரும். அன்றைக்குப் பயத்தோடு கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

சும்மா உட்கார்ந்திருந்தால் கை சும்மா இருந்தாலும் கண் சும்மா இருக்காது. நான் உட்கார்ந்திருந்த வண்டியின் அடியில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை. டயர்கள் இந்த ஓரம் அந்த ஓரம் என்றில்லாமல் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. பின்னால் போய்ச் சரக்கு ஏற்றும் பெட்டியின் கதவைத் திறந்தேன். தளம் நெளியாமல் பலகை மாதிரி இருந்தது. சரக்கைத் தூக்கி ஏற்றும் லிஃப்ட்டும் இருந்தது. மெத்தை சுமந்த வண்டி, முதுகு நொந்திருக்காது. அதையெல்லாம் மனசுக்குள் போட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல் திரும்ப வந்து படியிலேயே உட்கார்ந்தேன்.

வெயில் தாழ்ந்ததும் எழுந்துபோய்ச் சிவப்பு லாரியின் பானெட்டைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. இவரை எழுப்பினேன். கன்னத்தில் மெத்தைத் தையலின் கோடு பதிந்திருந்தது.

"சாவி குடுங்கண்ணே."

"சத்தியமா நல்ல வண்டி தங்கச்சி..." என்று இழுத்துக்கொண்டே கொடுத்தார்.

சாவியைத் திருப்பினேன். இருமியது. மறுபடி திருப்பினேன். மறுபடி இருமல். மூன்றாவது தடவை, சரளைக் கல்லைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கினது போன்ற சத்தத்தோடு கிளம்பியது. பின்னால் வெள்ளைப் புகை மதில் தாண்டிப் போனது. நான் இறங்கிப் போய் எஞ்சின் ஆயில் மூடியைத் திறந்தேன். அங்கேயும் குபுகுபுவென்று புகை. உள்ளே பிஸ்டன் வளையமெல்லாம் போய்விட்டது. இதை வாங்கினால் முதல் மாதமே எஞ்சினை மொத்தமாகப் பிரித்துப் போட வேண்டும்.

இவருடைய முகம் விழுந்துவிட்டது. காலையிலிருந்து ஆசை ஆசையாகப் பார்த்த வண்டி. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் அதற்காக யாராவது லாரி வாங்குவார்களா?

"சத்தியமா எனக்கே தெரியாது தங்கச்சி" என்றார் சத்தியம், புகைக்குள்ளிருந்து.

"பரவால்லண்ணே. அந்தக் கத்தரிப்பூ வண்டியைக் கடைசியா எப்ப கிளப்புனீங்க?"

"அதுவா? அது கிடக்கு, பத்துப் பதினஞ்சு நாளா. அந்தப் படத்தைப் பார்த்துட்டு யாரும் கிட்டக்கூடப் போறதில்ல."

ஒரு வண்டியைப் பற்றி அந்த மனிதர் அன்றைக்குச் சத்தியம் பண்ணாமல் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அதனாலேயே நம்பினேன். விற்கும் என்ற நம்பிக்கையே இல்லாத வண்டியைச் சூடாக்கி வைக்க அவருக்கு என்ன தலையெழுத்தா?

படியில் நாளெல்லாம் உட்கார்ந்திருந்தவள், இப்போது உள்ளே ஏறிச் சாவியைப் போட்டேன். ஒரே திருப்பு. அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. கருப்புப் புகையும் இல்லை, வெள்ளைப் புகையும் இல்லை. ஒரே சீரான உறுமல் இருக்கை வழியாக என் முதுகுக்கு வந்தது. ஆயில் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு இவர் எனக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தியம் பார்த்தால் விலை ஏற்றிவிடுவாரே என்று கண்ணில் தூசி விழுந்த மாதிரித் துடைத்துக்கொண்டேன்.

"இந்தப் படத்தோடயா அவசர சரக்கு எடுத்துட்டுப் போறது? பாக்கறவன் சிரிக்க மாட்டானா?" என்றார் இவர் மெதுவாக.

"நம்ம வீட்டுக்காரர் படம்னு சொல்லிக்கறேன்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "மெத்தை மட்டும் அருமையா இருக்கு" என்று ஒப்புக்கொண்டார்.

அன்றே பேசி முடித்தோம். தள்ளிவிட்டால் போதும் என்றிருந்த வண்டி, அதனால் சத்தியத்தோடு அதிகம் இழுபறி இல்லை. பேப்பரில் எங்கள் இரண்டு பேர் பெயரும் போட்டோம். ஏஜென்சி ஆபீஸில் வண்டியையும் பதிந்துவிட்டு, நாலு நாள் கழித்து எங்கள் பழைய லாரி நிறுத்தத்திலேயே போய் நின்றோம். பக்கத்து வண்டிக்காரர்கள் படத்தைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர்களில் பாதிப் பேர் இன்னும் கேட்டுவிட்டுச் சொல்கிறவர்கள்.

மத்தியானம் போன் அடித்தது. அதே பெண். ஆபீஸில் வண்டியைப் பதிவு செய்கிறவர்கள் வேறு ஆட்கள், நாங்கள் வண்டி வாங்கியது இவளுக்குத் தெரியாது. அவளுக்கு எங்கள் குரல் மட்டும்தான் பழக்கம்.

"அக்கா, ஒரு பம்பு. ஃபேக்டரி நின்னு போச்சாம். எடுக்கறீங்களா? அஞ்சு நிமிஷம்தான்."

"ஓனர்கிட்ட கேட்டுட்டு சொல்றேம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் பார்த்தேன். இவர் பக்கத்து இருக்கையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார், சத்தமே வரவில்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாக்குக்குப் பழகிப்போன வார்த்தை, வண்டி மாறியது அதற்கு இன்னும் தெரியவில்லை. அப்புறம் எனக்கும் சிரிப்பு பொங்கியது. சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதேவிட்டேன்.

"கேளு, கேளு," என்றார் இவர் மூச்சு வாங்கிக்கொண்டு. "ஓனர்கிட்ட கேக்கணும்ல?"

"என்னங்க, எடுத்துக்கலாமா?"

"நீ என்ன சொல்றே?"

"எடுத்துக்கலாம்."

"நானும் அதான் சொல்றேன்."

திருப்பிக் கூப்பிட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"கேட்டுட்டேம்மா. எடுத்துக்கறோம்."

"அதுக்குள்ளயா?" அவளால் நம்பவே முடியவில்லை. "என்னக்கா, இன்னிக்கு உங்க ஓனர் உடனே போன் எடுத்துட்டாரா?"

"ரெண்டு பேரும் வண்டியிலதான் இருக்காங்க" என்றேன். "நீ அட்ரஸைச் சொல்லு."