சாமி மாவு சாப்பாட்டில் சேருமா

மலர்கொடியின் கழுத்துக் கட்டி புற்றுதான் என்று திருச்சி டாக்டர் சொன்னபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பேச்சு போயிடுமா சார்?"

குரல் நரம்பு கட்டியை ஒட்டியே ஓடுகிறது, கூடுமானவரை காப்பாற்றிவிடுவோம் என்றார் அவர். அந்தக் 'கூடுமானவரை' அவளுக்குப் போதவில்லை. குன்னத்தில் அவர்கள் வீட்டில் வாய் என்று ஒன்று அவளுக்கு மட்டும்தான் இருந்தது. கணவன் செல்லதுரை, தன் அக்கா எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற மனுஷன்.

அந்த அக்கா பூமாலைதான் ஆஸ்பத்திரிக்குத் துணையாக வந்து சேர்ந்தாள். ஆபரேஷன் முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று நர்ஸ் மூன்று தடவை சொல்லியிருந்தாள். ஆபரேஷன் நாளான சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகப் பூமாலை ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். முந்தின நாள் சிறுவாச்சூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு போட்ட மாவிளக்கு மாவு. ஒரு உருண்டை பிடித்து மலர்கொடியின் வாயருகே நீட்டினாள்.

"ஒண்ணும் சாப்புடக் கூடாதுன்னாங்களே அண்ணி."

"சாமி மாவு சாப்பாட்டுல சேராது. முழுங்கு."

அம்மன் மாவை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? விழுங்கித் தொலைத்தாள்.

மயக்க ஊசி போடும் டாக்டர் வந்து விசாரித்ததும் பூமாலை முந்திக்கொண்டாள். "பச்சத்தண்ணி பல்லுல படல சார். அம்மன் மாவு மட்டுந்தான்."

ஆபரேஷன் அதோடு நின்றது. அடுத்த தேதி பன்னிரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தது, சரியாக மகள் சத்யாவின் பிளஸ் டூ பரீட்சைக்கு நடுவில். மலர்கொடிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பூமாலையோ, ஆத்தாளே நல்ல நாள் பார்த்துத் தள்ளி வைத்திருக்கிறாள் என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் தடவை நர்ஸ் பூமாலையை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். ஆபரேஷன் ஒழுங்காக நடந்தது. ஆறாம் நாள் மலர்கொடி வீட்டுக்கு வந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிப் பழகச் சொல்லித்தான் டாக்டர் அனுப்பினார். வாயைத் திறந்து சத்தம் வராவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்தில் சைகையிலேயே பொழுதை ஓட்டினாள்.

பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, அவளுக்குக் காதும் போய்விட்டதுபோலக் கத்திக் கத்தி விசாரித்தார்கள். எல்லாருக்கும் பூமாலையே பதில் சொன்னாள். அவர்கள் போனதும் தம்பியிடம் திரும்பினாள்.

"பேச்சில்லாதவள வெச்சுக்கிட்டு யாரு சோறாக்குறது? சத்யா எழுதுன வரைக்கும் போதும் தம்பி. பொட்டப்புள்ளதான, மிச்சத்த அப்புறம் எழுதிக்கட்டும்."

செல்லதுரை தலையாட்டினான். சத்யா கணக்குப் புத்தகத்தை மூடினாள்.

மலர்கொடி கையை ஆட்டினாள். யாரும் பார்க்கவில்லை. டம்ளரால் கட்டிலைத் தட்டினாள்.

"தண்ணி வேணுமா?" என்றாள் பூமாலை.

இதற்குமேல் பொறுக்க மலர்கொடியால் ஆகவில்லை.

"அவ எழுதுவா."

தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு குரல். தையல் சுரீரென்று இழுத்தது. இனிமேல் தனக்கு இதுதான் குரலோ? ஆனால் எல்லார் காதிலும் அது விழுந்திருந்தது.

"சோறு ஒங்க தம்பி ஆக்கட்டும், அண்ணி."

செல்லதுரை அக்காவைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். எழுந்து அடுப்படிக்குப் போனான். சத்யா தேம்பத் தொடங்கினாள்.

"அழுவாத," என்றாள் மலர்கொடி. "நாளைக்குக் கணக்கு. எடுத்துப் படி."