எட்டு டிக்

தொழிற்சாலையில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். ஷாம்பூ பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டும் மெஷினின் பக்கத்தில் பதினோரு வருடமாக நிற்கிறாள். மெஷின் டக்கென்று ஒரு லேபிளை ஒட்டும். கோணலாக ஒட்டியிருந்தால் அந்தப் பாட்டிலை எடுத்து ஓரமாக வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. நிமிடத்துக்கு எழுபது டக். ஒரு டக்குக்கும் அடுத்த டக்குக்கும் நடுவில் தலைத் தொப்பியை இழுத்து விடுவாள், கால் மாற்றி நிற்பாள், பக்கத்து லைன்காரியிடம் ஒரு வம்பை ஆரம்பித்து அடுத்த டக்கில் முடித்தும் விடுவாள். சும்மா நில் என்றால் அவளுக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊரும்.

அப்படிப்பட்டவளுக்கு முப்பத்தாறு வயதில் பாட்டு தயாரிக்கும் ஆசை பிடித்தது. பாடுகிற ஆசை இல்லை. அவள் குரல் யாரையாவது அதட்டத்தான் லாயக்கு என்று அவளே ஒப்புக்கொள்வாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தாளம் ஒரு வரிசை, பியானோ ஒரு வரிசை, அடியில் கனமாக ஓடும் ஓசை ஒரு வரிசை என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்களே, அந்த ஆசை. ஏதோ ஒரு வீடியோவில் ஒருவன் அதைச் செய்வதைப் பார்த்தாள். அடுக்குவதுதானே, நமக்குத் தெரியாத வேலையா என்று தோன்றிவிட்டது.

வேன் ஓட்டும் கணவன் எங்கிருந்தோ ஒரு பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு அடி நீளத்தில் ஒரு கீபோர்டும் ஒரு ஹெட்போனும் அவளே வாங்கினாள். காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வீடு வந்தால், செருப்பைக் கழற்றுவதற்கும் ஹெட்போனை மாட்டுவதற்கும் இடையில் முகம் கழுவ மட்டும்தான் நேரம். சாப்பாட்டு மேசையின் ஒரு பாதி அவளுடையதாகிவிட்டது. மற்ற பாதியில் கணவனின் அக்கா காய் நறுக்குவாள். இவள் வாய்க்கு அண்ணி. ஊர்ப் பேச்சில் நாத்தனார். அந்தச் சொல்லுக்கு உரிய சகல லட்சணங்களும் பொருந்தியவள்.

"பொட்டியைத் தொறந்தா ஒரு பாட்டு வரணும்ல?" என்பாள் அண்ணி. "ஆறு மாசமா நீ மண்டைய ஆட்டறதுதான் தெரியுது. எங்களுக்கு ஒரு சத்தமும் வரக் காணோம்."

"வரும் அண்ணி, வரும்."

"வரும், வரும். நாப்பத்தி மூணு பாட்டு ஆரம்பிச்சிருக்கேன்னு நீதானே சொன்ன? அதுல எத்தனை முடிஞ்சுது?"

ஒன்றும் முடியவில்லை. தலை இருந்தால் வால் இல்லை, வால் இருந்தால் நடுவில் ஆள் இல்லை. ஒரு பாட்டில் முப்பது விநாடி தேறியதும் மனம் அடுத்ததற்குத் தாவிவிடும். இணையத்தில் அவள் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்த பாட வரிசையும் அந்தக் கதிதான். மூன்றாம் பாடம் வரை ஒழுங்காகப் பார்த்தாள். நாலு, ஐந்து, ஆறு, ஏழு எல்லாம் ஒருவர் நிதானமாகப் பேசிக்கொண்டே இருந்ததால் பொறுமை இல்லாமல் தாவி எட்டாம் பாடத்துக்குப் போய்விட்டாள்.

இரண்டாம் பாடத்தில், திரையின் மூலையில் இருக்கும் ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினால் டிக், டிக், டிக் என்று ஓடிக்கொண்டே இருக்கும். வாசிக்கும்போது காலம் தவறாமல் பிடித்துக்கொள்ள அது ஒரு துணை. அழுத்தினாள். அன்று ஓட ஆரம்பித்த டிக்கை அவள் நிறுத்தவே இல்லை. நிறுத்த வேண்டும் என்று தோன்றவும் இல்லை. மற்றவர்களுக்கு அரை மணி நேரத்தில் தலைவலி வந்திருக்கும். இவளுக்கோ பதினோரு வருடமாகக் காதோடு ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓடுவது தெரியாது, நின்றால்தான் திடுக்கிடும். டிக் ஓடினால் அவள் கை தானாகப் பாட்டை அடுக்கியது. அந்த டிக்கும் பாட்டில் ஒரு வாத்தியம் என்று அவள் நினைக்கவில்லை, இல்லை என்றும் நினைக்கவில்லை. அது இருந்தது, அவ்வளவுதான். அந்தச் சத்தம் உங்கள் காதுக்கு மட்டும்தான், பாட்டைக் கோப்பாக வெளியே எடுக்கும்போது அது கூட வராது என்று ஏழாம் பாடத்தில் சொல்லியிருந்தார்கள். ஏழாம் பாடத்தைத்தான் அவள் பார்க்கவில்லையே.

இந்தச் சமயத்தில்தான் அந்த அறிவிப்பு கண்ணில் பட்டது. கடைத்தெருவில், மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் ஒரு சின்ன ஸ்டூடியோ. கடைகளுக்கு விளம்பர ஓசை செய்து தருகிறார்கள். பயிற்சிக்கு ஓர் ஆள் வேண்டும். அனுபவம் தேவையில்லை, முழுதாக முடித்த ஒரு பாட்டு போதும். சம்பளம் தொழிற்சாலையைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

பம்பரம் அந்த அறிவிப்பை இரண்டு முறை படித்தாள். லேபிள் மெஷினை விட்டு வெளியே போக இப்படி ஒரு கதவு இன்னொரு முறை திறக்காது என்று அவளுக்குத் தெரியும். இன்னும் இருபத்திரண்டு வருடம் கோணல் லேபிள் பார்த்துக்கொண்டு நிற்பதை நினைத்தாலே பயமாக இருந்தது. நாற்பத்து மூன்றில் தேறக்கூடிய ஒன்றை எடுத்து, ஒன்பது நாளில், வாழ்க்கையில் முதல்முறையாக, வால் வரை முடித்தாள். நடுவில் ஓரிடத்தில் எல்லா வாத்தியமும் நின்று, எட்டு டிக் மட்டும் தனியாக ஓடி, பிறகு எல்லாம் சேர்ந்து திரும்ப வரும். அவளுக்கு அதுதான் உயிர். லைனில் ஷாம்பூ பாட்டில் எதுவும் வராமல் மெஷின் மட்டும் ஓடும் அந்தச் சில விநாடிகள் மாதிரி இருக்கும். காலையில் வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் பாட்டைக் கோப்பாக எடுத்து அனுப்பினாள். எடுத்ததை ஒரு முறை போட்டுக் கேட்டாளா? அதற்கு ஏது பொறுமை.

நாலாம் நாள் அழைப்பு வந்தது. அந்தப் பாட்டை அடுக்கிய கோப்பையும் பென் டிரைவில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள். சூப்பர்வைசரிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு, வலிக்கும் பல் எந்தப் பக்கம் என்று பஸ்ஸில் முடிவு செய்துகொண்டு போனாள்.

ஸ்டூடியோவில் இருந்தவள் ஒரு பெண். சவுண்ட் இன்ஜினியர். ஒட்ட வெட்டிய முடி, இவளைவிடப் பத்து வயது இளையவள். அறை முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சு ஒட்டியிருந்தது. கதவைச் சாத்தியதும் தெருச் சத்தம் துண்டாக அறுந்து போய், தன் மூச்சே தனக்குக் கேட்டது. பம்பரத்துக்கு உடனே வெளியே ஓட வேண்டும் போல இருந்தது. கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள், திறந்து மூடினாள்.

"உக்காருங்க அக்கா. நீங்க அனுப்பின பாட்ட இன்னொரு தடவ கேப்போம். எனக்கு ஒரு இடத்துல சந்தேகம் இருக்கு."

பெரிய ஸ்பீக்கரில் பாட்டு ஆரம்பித்தது. பம்பரத்துக்கு முதல் விநாடியிலேயே ஏதோ குறைந்தது. என்ன என்று பிடிபடவில்லை. தன் வீட்டுக்குள் நுழைந்தால் ஒரு சாமான் இல்லை, எது என்று தெரியவில்லை, அந்த மாதிரி. பியானோ சரி, தாளம் சரி. பிறகு அந்த இடம் வந்தது. எல்லா வாத்தியமும் நின்றன. டிக் வரவில்லை.

ஒன்றுமே இல்லை. மரண அமைதி. மின்விசிறிகூட இல்லாத அறை. அவள் காதில் ரத்தம் ஓடுவது கேட்டது. போச்சு, மானம் போச்சு, பாதிப் பாட்டைத்தான் அனுப்பியிருக்கிறோம் என்று உள்ளே அலறிக்கொண்டிருக்கும்போது, பாட்டு முழு பலத்தோடு திரும்ப வந்தது. இன்ஜினியர் பெண் கண்ணை மூடிச் சிரித்தாள்.

"இதுதான் அக்கா. இந்த எட்டு எண்ணிக்கை. மொத்தம் அறுபது பாட்டு வந்துது. எல்லாரும் கிடைச்ச இடத்துல எல்லாம் எதையாவது அடைச்சு வெச்சிருக்காங்க. சும்மா விட ஒருத்தருக்கும் தைரியம் இல்ல. நீங்க இத வேணும்னேதான் விட்டீங்களா?"

சும்மா இருக்கும் தைரியமாம். பம்பரத்திடம் போய் அதைச் சொல்கிறாள். வேறு சமயமாக இருந்தால் அவளே விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். ஆனால் எதிரே ஒரு காலி நாற்காலி இருந்தது, ஒலி கலக்கும் பொத்தான் பலகை இருந்தது, வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வாய் முந்திக்கொண்டது.

"ஆமா. வேணும்னேதான். அங்க கொஞ்சம்... அமைதி இருக்கட்டும்னு தோணுச்சு."

"சூப்பர். அந்தக் கோப்பைக் குடுங்க, எப்படி அடுக்கியிருக்கீங்கன்னு பாக்கணும்."

பென் டிரைவைச் செருகும்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பெண் பாட்டைத் திறந்தாள், ஓடவிட்டாள்.

டிக், டிக், டிக், டிக்.

கடைசியாக எப்படி மூடினாளோ அப்படியே திறந்தது. பஞ்சு ஒட்டிய அந்த அறையில் ஒவ்வொரு டிக்கும் சுத்தியல் அடிபோல விழுந்தது. அந்த இடம் வந்தது. எட்டு டிக்கும் ஒன்று விடாமல், தனியாக, கம்பீரமாக ஓடியது. பாட்டில் எது குறைந்தது என்று இப்போது பம்பரத்துக்கு விளங்கியது. அந்தப் பெண்ணுக்கும் விளங்கிவிட்டது.

அவள் பாட்டை நிறுத்தினாள். கோபம் ஒன்றும் முகத்தில் தெரியவில்லை, வருத்தம்தான் தெரிந்தது.

"இத நிறுத்தினதே இல்லையா நீங்க?"

"இல்லம்மா. எங்க வேலைல மெஷின் இப்படித்தான் ஓடும். அது ஓடறதே எனக்குக் கேக்கல. இங்க வந்து இல்லாம போனப்பதான்..."  கைப்பையின் ஜிப்பை மறுபடியும் திறந்து மூடினாள்.

"அது தப்பே இல்ல அக்கா. ஆரம்பத்துல நான் பண்ணாத கூத்தா? தற்செயலா வந்த அமைதியா இருந்தாலும் நான் உங்களத்தான் எடுத்திருப்பேன். பாட்டு நல்லாத்தான் இருக்கு." பென் டிரைவை உருவி இவளிடம் நீட்டினாள். "ஆனா ஆமான்னு சொன்னீங்க. விளம்பரத்துக்கு வர்றவங்க நாள் பூரா கேப்பாங்க, இது ஏன் இப்படி இருக்கு, அது எங்க போச்சுன்னு. தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்ற ஆள்தான் எனக்கு வேணும். கூட இருக்கறவங்களே கதை கட்டினா நான் எங்க போய்த் தேடுவேன்?"

பம்பரம் பென் டிரைவை வாங்கிக் கைப்பையில் போட்டாள். சொல்ல இருந்த ஒரே பதிலுக்கு நேரம் கடந்துவிட்டது. அந்தப் பெண் மாடிப்படி வரை வந்து வழியனுப்பினாள். அந்த மரியாதைதான் இன்னும் கொன்றது.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'இல்ல' என்று மூன்று எழுத்து. அவ்வளவுதான் தேவைப்பட்டது. வாயில் வந்திருந்தால் இந்நேரம் அந்த நாற்காலி இவளுடையது. தன் வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போல ஆத்திரம் வந்தது, அந்த ஆத்திரத்திலேயே இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்கி நடந்தாள். நடக்க நடக்க வீட்டில் சொல்ல ஒன்று தயாரானது. ஏற்கெனவே வேறு ஆளை முடிவு செய்துவிட்டார்களாம், சும்மா ஒப்புக்குக் கூப்பிட்டார்களாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. யாரும் குறுக்குக் கேள்வி கேட்க மாட்டார்கள், கணவன் அவர்களை நாலு திட்டுக்கூடத் திட்டுவான்.

அண்ணி மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"கிடைச்சுதா?"

தயாராக வந்த வாக்கியம் பல்லுக்குப் பின்னால் நின்றது. பம்பரம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"கிடைச்சுது அண்ணி. நானே கெடுத்துக்கிட்டேன். தப்பா நடந்த ஒண்ண வேணும்னே பண்ணினேன்னு பீத்திக்கிட்டேன். அஞ்சு நிமிஷத்துல பிடிச்சுட்டா."

ஏச்சு வரும் என்று காத்திருந்தாள். இந்த வீட்டில் ஏச்சுக்கா பஞ்சம். அண்ணி வெங்காயத்தைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, வெங்காயக் கண்ணோடு அவளை உற்றுப் பார்த்தாள்.

"அப்ப நீ அந்த ஒரு வார்த்தை சொல்லாம இருந்திருந்தா எடுத்திருப்பாளா?"

"எடுத்திருப்பேன்னுதான் சொன்னா."

"அப்படின்னா நல்ல பாட்டுதானா அது?"

ஆறு மாதமாக இதே மேசையின் மறு பாதியில் இருந்தவள். ஒரு நாள்கூட இவள் பாட்டைக் கேட்டதில்லை, இவளும் கேட்கச் சொன்னதில்லை. பம்பரத்துக்கு ஆமாம் என்று சொல்ல வாய் துடித்தது.

"தெரியல அண்ணி," என்றாள். ஹெட்போனைத் துடைத்து அண்ணியின் தலையில் மாட்டினாள். "நீங்க கேட்டுட்டுச் சொல்லுங்க."