நடுவர் லோவெலின் மூக்கு

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவள் கொரீன். உண்மையில் அவள் கேட்டது கதை அல்ல, சாட்சி. "நீதானடா கூட இருந்த? எழுதி வை. இல்லேன்னா லோவெல் வேற மாதிரி சொல்லிட்டுத் திரிவான்" என்றாள். லோவெல் எதையும் வேறு மாதிரிதான் சொல்வான். ஒரு மிடறு பீரைப் பற்றி அவன் பேசி முடிப்பதற்குள் எங்கள் கோப்பைகள் காலியாகிவிடும்.

ஆக, தொடக்கம்:

ராக்கி மலைகளின் மேல் விடியல், பொன்னிற நுரையைப் போல...

(வேண்டாம். மலையூர் பீர்க்கடைகளின் சுவரில் சாக்பீஸால் இதைத்தான் எழுதியிருக்கிறார்கள்.)

மறுபடியும். ஜூன் மாதம் லோவெல், கொரீன், நான், டுவைட் நால்வரும் லோவெலின் வண்டியில் டென்வரிலிருந்து கிளம்பினோம். [டுவைட்டை இந்த வரியோடு நீக்குகிறேன். பின்சீட்டில் தூங்கியதைத் தவிர அவன் எதுவும் செய்யவில்லை. படித்தால் வருத்தப்படுவான். படிக்கமாட்டான்.]

2

லோவெல் கதையில் ஒரு பாத்திரமாக நிற்கமாட்டான் என்பது என் பெரிய கவலை. வாரநாட்களில் காப்பீடு விற்பவன், சனி ஞாயிறுகளில் பீர் போட்டிகளுக்கு நடுவர். முதல் நாள் லெட்வில் என்ற மலையூரின் பீர்க்கடையில் கோப்பையை மூக்கடியில் வைத்துக் கண்ணை மூடினான்.

"மழையில நனைஞ்ச குதிரைக் கம்பளம்" என்றான். "பக்கத்து ரூம்ல யாரோ ஆரஞ்சு உரிக்கிறாங்க."

கடைக்காரர் தாடியைத் தடவியபடி தலையாட்டினார். (அந்த ஊர்களில் தாடி இல்லாதவன் பீர் காய்ச்சினால் யாரும் குடிக்கமாட்டார்கள்.) அடுத்த மேசைக்காரர்களும் முகர்ந்து பார்த்து, ஆமாம், குதிரைதான் என்றார்கள். எனக்குப் பீர் வாசனைதான் வந்தது. நானும் தலையாட்டிவைத்தேன்.

கொரீன் அவனைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. ஆசிரியையாக இருந்தாள் என்று எழுத வேண்டும். வசந்தத்தில் ராஜினாமா செய்துவிட்டாள். சலைடா என்ற ஊரில் ஒரு பழைய பட்டறையைப் பிடித்து, லோவெலும் அவளுமாகச் சின்னதாகப் பீர் ஆலை தொடங்குவதாகத் திட்டம். அவனுடைய மூக்கு, அவளுடைய உழைப்பு.

3

இங்கே ஒரு அழகான மலைப்பாதை வர்ணனை இருந்தது. எடுத்துவிட்டேன், ஏனென்றால் அந்த நேரத்தில் நாங்கள் யாரும் வெளியே பார்க்கவில்லை.

மறுநாள் காலை. யாரும் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை. மோனார்க் கணவாயிலிருந்து இறங்கும்போது லோவெல் பிரேக்கை மிதித்த காலை எடுக்காமலே ஓட்டினான். ரப்பரும் இரும்பும் சேர்ந்து தீய்கிற வாடை.

"நிறுத்துடா வண்டிய!" என்று கொரீன் கத்தினாள்.

"எதுக்கு?"

"நாத்தம் கொடலப் புடுங்குது, உனக்கு வரலயா?"

"என்ன நாத்தம்?"

முன்சக்கரத்திலிருந்து புகை எழுந்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவன் முகம் வெளுத்தது. மிதித்தான், மிதிகட்டை தரைவரை போனது, பிரேக் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் பள்ளத்தாக்கு. மறுபக்கத்து மண்மேட்டில் வண்டியை மோதி, உரசி, நிறுத்தினான்.

யாருக்கும் அடியில்லை. இறங்கி நின்றோம். கொரீன்தான் முதலில் கேட்டாள்.

"எப்போலேர்ந்து?"

"ஜனவரில காய்ச்சல் வந்துச்சுல்ல. அப்போ மோப்பம் போச்சு. திரும்பி வரல."

"அப்போ நேத்து அந்தக் குதிரைக் கம்பளம்?"

"ஞாபகத்துலேர்ந்து சொன்னேன்."

(எழுத்தாளன் என்ற முறையில் இதில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. நாங்கள் எல்லோரும் செய்வது அதுதான். ஆனால் எங்களை நம்பி யாரும் வேலையை விடுவதில்லை.)

"வேலைய விட்டுட்டு நிக்கிறேன்டா, உன் மூக்க நம்பி" என்றாள் கொரீன். கத்தவில்லை. கத்தியிருந்தால் லோவெல் தாங்கியிருப்பான். "ஏன் சொல்லல?"

"சொன்னா நான் யாரு? காப்பீடு விக்கிறவன். அவ்வளவுதான்."

அன்று மதியம் மலையடிவார ஊர் ஒன்றின் பீர் விழாவில் அவன் நடுவர். கொரீன் சொன்னாள்: "அந்த மேசையில உண்மையச் சொல்லு. சொன்னா உன்கூடக் கடை போடுறேன். இல்லேன்னா இத்தோட சரி."

இழுவை வண்டியில் போய்ச் சேர்ந்தோம்.

4

ஊர்ப்பெயரை எழுதவில்லை. மற்ற நடுவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

நடுவர் மேசையில் லோவெல் எழுந்து நின்றான். "மன்னிக்கணும். எனக்கு மோப்பமே போயிடுச்சு. ஆறு மாசமா எதுவும் தெரியல."

மேசையே சிரித்தது. "பாத்தியா, எவ்வளவு அடக்கம்!" என்றார் தலைமை நடுவர். "உக்காருங்க சார்."

"இல்லைங்க, நெசமாத்தான்."

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அவன் முன் ஒரு கோப்பையை வைத்தார்கள். டார்லா என்ற பெண் காய்ச்சியது. தாடியில்லாமல் அந்த ஊரில் கடை நடத்துபவள். கூட்டத்தின் ஓரத்தில் விரலைக் கடித்துக்கொண்டு நின்றாள். லோவெல் குடித்தான்.

"கசக்குது. வேற ஒண்ணும் தெரியல."

நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "வேற ஒண்ணுமே இல்ல! அப்பழுக்கில்லாத கசப்பு!" என்றார் தலைமை நடுவர். மற்றவர்களும் முகர்ந்து, ஆமாம், ஒன்றுமே இல்லை என்று ஆமோதித்தார்கள். முதல் பரிசு. டார்லாவின் சட்டையில் அதற்கான நீல நாடாவைக் குத்தினார்கள்.

[முடிவு அ: எல்லோரும் சிரிக்கிறோம். திரை. இதில் டார்லாவைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.]

[முடிவு ஆ: லோவெலுக்கு மோப்பம் திரும்பி வருகிறது. எழுதும்போதே கூச்சமாக இருந்தது.]

5

நடந்தது வேறு. கொரீனும் அந்தப் பீரைக் குடித்துப் பார்த்திருந்தாள். நேரே டார்லாவிடம் போனாள். கூடவே லோவெலும் நானும்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. இதுல முட்டைக்கோஸ் வெந்த வாடை அடிக்குது. சரியாக் கொதிக்கல, இல்லன்னா சீக்கிரமா ஆறல."

"நீங்க யாரு?"

"ஸ்கூல் டீச்சர்."

டார்லா சிரித்துவிட்டாள். "டீச்சரம்மா, இதே பீர அடுத்த வாரம் பெரிய தொட்டியில போடப் போறேன். வீட்டு மேல கடன் வாங்கி. நடுவரே பக்கத்துல நிக்கிறாரு, கேளுங்க!"

"என் கூட்டாளி சொல்றதுதான் சரி" என்றான் லோவெல். "எனக்கு ஒண்ணும் தெரியாது. நெசமாவே."

கொரீன் அவனைத் திரும்பிப் பார்த்தாள். கூட்டாளி என்ற சொல்லை மறுக்கவில்லை.

டார்லாவின் சிரிப்பு பாதியில் நின்றது. கோப்பையை எடுத்தாள். தன் பீரைத் தானே, முதல்முறை முகர்கிறவளைப் போல முகர்ந்தாள்.

அவள் முகம் (மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்துவிட்டேன்).

பின்னால் வாத்தியம் தொடங்கிவிட்டது. பரிசு வாங்கிய பீருக்கு ஜனம் வரிசையில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. டார்லாவின் கை மெல்ல எழுந்து நீல நாடாவைத் தொட்டது. நான் பார்த்தேன். கழற்றினாளா, சாய்ந்திருந்ததை நேராக்கிக் குத்திக்கொண்டாளா என்பதும் தெரியும்.

சொல்லமாட்டேன். நீங்கள் அந்த வரிசையில் முதல் ஆளாக நிற்கிறீர்கள். கோப்பையை நீட்டுங்கள், அவள் என்ன செய்கிறாள் என்று பாருங்கள்.